ஒரு பக்கத்துக்கு மிகாமல்

மகளுக்கு வேலை விண்ணப்பம் எழுதுவதென்று முடிவானதும் சாமிக்கண்ணு முதலில் செய்த காரியம், நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மாப்பிள்ளை தேடியபோது எழுதிய பயோடேட்டாவைத் தேடி எடுத்ததுதான்.

அவர் அதில் தவறொன்றும் காணவில்லை. முப்பத்துமூன்று வருஷம் அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்து, சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றவர். பழைய கோப்பைப் பார்க்காமல் புதிய காகிதம் எதையும் அவர் மேலே அனுப்பியதில்லை. வினோதினியைப் பற்றி அவர் கையால் எழுதிக் கோப்பில் போட்ட காகிதம் அந்த ஒன்றுதான் இருந்தது.

நட்சத்திரத்தையும் ராசியையும் அடித்தார். உயரத்தை விட்டுவைத்தார். ஆய்வுக்கூடத்தில் உயரமான அலமாரிகள் இருக்கும், கை எட்ட வேண்டுமே என்று ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டார். பெண்ணாடத்துப் பக்கம் ஏரிக்கரைக்கு நிலம் விட்ட கொள்ளுத்தாத்தா, இருபது வருஷம் ஊராட்சித் தலைவராக இருந்த தாத்தா, தாசில்தாராக ஓய்வு பெற்ற பெரியப்பா என்று முதல் பக்கம் நிறைந்தது. பிறகு பள்ளி, கல்லூரி, எம்.எஸ்சி. வேதியியல். மூன்றாம் பக்கத்தின் அடியில், இருக்கிற இடம் தெரியாமல் அரை வரி: விழுப்புரத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பதினாலு மாதம் வேலை. வீட்டுப் பெண் கைநீட்டிச் சம்பளம் வாங்கியதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

நாலு பக்கமும் புதிதாகப் படியெடுத்தது, முத்து முத்தான கையெழுத்தில். ஒரு அடித்தல் இல்லை.

"விளம்பரத்துல ஒரு பக்கத்துக்கு மிகாமன்னு போட்டிருக்காங்கப்பா" என்றாள் வினோதினி.

பேப்பரிலிருந்து வெட்டி வைத்திருந்த துண்டை நீட்டினாள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனி. தரப் பரிசோதனைக் கூடத்துக்கு கெமிஸ்ட் தேவை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேரில் வர வேண்டும். ஒரு பக்கத்துக்கு மிகாத ரெஸ்யூம், மூன்று பிரதி.

"அதெல்லாம் குடும்பம் இல்லாதவனுக்குப் போட்ட ரூல்" என்றார் சாமிக்கண்ணு. "சொல்றதுக்கு இருக்கறவன் சொல்லத்தான் செய்வான்."

வினோதினி பதில் பேசவில்லை. அவள் அந்த வீட்டில் பதில் பேசுவது குறைந்து இரண்டு வருஷமாகிறது.

இரண்டாயிரத்தாறு ஜூன் மாதம் ஒரு நாள், பட்டப்பகல் பதினோரு மணிக்கு, விழுப்புரத்துப் புகுந்த வீட்டிலிருந்து பஸ் ஏறித் தனியாகச் சிதம்பரம் வந்து வாசலில் நின்றாள். கழுத்தில் நகை இல்லை. மாற்றுப் புடவை இல்லை. கையில் இருந்தது சான்றிதழ் ஃபைல் ஒன்றுதான். இடது முழங்கையில் காய்ந்த காயம். அம்மா கொளஞ்சியம்மாள் கட்டிக்கொண்டு அழுதாள். சாமிக்கண்ணுவோ, "நகையெல்லாம் அங்கயே வுட்டுட்டு, காயிதத்தத் தூக்கிட்டு வந்திருக்கு பாரு" என்றார். அன்று சொன்ன அந்தச் சொல்லை வினோதினி திருப்பிச் சொன்னதில்லை. ஆனால் அது வீட்டிலேயே இருந்தது.

தெருவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. எதிர்வீட்டு ரத்தினம்மாள் மறுநாள் காலையிலேயே, "பாப்பா வந்திருக்கு போல?" என்று கேட்டபோது, "மாப்பிள்ளை மஸ்கட் போயிருக்காரு. விசா வந்ததும் இவளும் போவா" என்று அவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை மணவாளன் மஸ்கட்டின் திசைகூடத் தெரியாதவன். ஆனால் சொன்ன சொல்லுக்குக் காவல் நின்றாக வேண்டும். இரண்டு வருஷமாக விசா வந்துகொண்டே இருந்தது. கொளஞ்சியம்மாள் ஒரு தடவை, "ஏங்க, இந்த விசா நடந்து வந்திருந்தாகூட இந்நேரம் வந்து சேந்திருக்குமே" என்று சொல்லி, மூன்று நாள் அவரது மௌனத்தை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இந்த ஆனி மாதம் மணவாளனின் மாமா வந்துவிட்டுப் போனார். ஆவணி பிறந்ததும் பெரியவர்கள் நாலு பேரோடு வருகிறோம், பெண்ணை அனுப்பி வையுங்கள், நடந்தது நடந்துபோச்சு என்றார். சாமிக்கண்ணு "பாக்கலாம்" என்றார்.

அவர் போன பிறகு வினோதினி வந்து நின்றாள். "நான் போவ மாட்டேம்ப்பா."

"வேலைன்னு ஒண்ணு கெடைச்சா, இப்பதான் சேந்திருக்கா, நடுவுல அனுப்ப முடியாதுன்னு சொல்லலாம். மரியாதையா இருக்கும். இல்லாட்டி நாலு பெரிய மனுசங்க வந்து உக்காரும்போது நான் இன்னா காரணம் சொல்றது?"

"நான் போவ மாட்டேங்கறது காரணமில்லையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆக, ஆவணிக்குள் ஒரு வேலை. இல்லையென்றால் விழுப்புரம். இதுதான் அந்த வீட்டில் யாரும் எழுதிவைக்காத உத்தரவு.

*

அண்ணாமலை நகரில் மாணவர் விடுதிகளுக்குப் போகிற ரோட்டில் பொன்னி ஒரு கடை வைத்திருந்தாள். ஜெராக்ஸ், டைப்பிங், பிரவுசிங். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணப் பத்திரிகை, ஆய்வேடு, வேலை விண்ணப்பம் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் வாழ்க்கை அவள் விரல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வியாழக்கிழமை சாமிக்கண்ணு மகளுடன் போய் நாலு பக்கத்தையும் அவள் முன்னால் வைத்தார்.

பொன்னி முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"ஐயா, இது பொண்ணு பாக்க வர்றவங்களுக்கா, வேல குடுக்கறவங்களுக்கா?"

"ஏன்?"

"குலதெய்வம் போட்டிருக்கீங்க."

சாமிக்கண்ணு வாங்கிப் பார்த்தார். ராசியை அடித்த கை குலதெய்வத்தை அடிக்க அஞ்சியிருக்கிறது. "அதை எடுத்துடு" என்றார் விறைப்பாக.

"எடுத்துடறேன். 'மாநிறம், அடக்கமான சுபாவம்', அதையும் எடுத்துடறேன். ஐயா, கோவிச்சுக்காதீங்க. நான் ஒரு நாளைக்கு இருபது ரெஸ்யூம் அடிக்கறவ. அங்க ஒருத்தர் உக்காந்திருப்பாரு. எதிர்ல எரநூறு பேப்பர் இருக்கும். டீ சூடா வரும். அது ஆறறதுக்குள்ள ஒரு கட்டு பாத்துருவாரு. உங்க கொள்ளுத்தாத்தாவைத் தாண்டி பாப்பாகிட்ட வர்றதுக்குள்ள அடுத்த டீ வந்துரும்."

"என் தாத்தன் ஏரிக்கரைக்கு நெலம் வுட்டவரு."

"விட்டவரு மகராசன். ஆனா கம்பெனிக்காரன் ஏரி கேக்கலீங்களே."

வினோதினி சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். சாமிக்கண்ணு அதைப் பார்த்துவிட்டார். அவள் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது. அதனால் மட்டுமே நாற்காலியை விட்டு எழாமல் இருந்தார்.

பொன்னி அவரை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினாள். "விழுப்புரத்துல இன்னா வேல செஞ்சீங்க பாப்பா?"

"தண்ணி டெஸ்ட் பண்ணுவோம்க்கா. போர் தண்ணி, ஆத்துத் தண்ணி. உப்பு, கடினத்தன்மை, இரும்பு, ஃப்ளோரைடு."

"ஒரு நாளைக்கு எத்தினி?"

"முப்பது சாம்பிள். கோடையில நாப்பது."

"தனியாவா?"

"முதல் மூணு மாசம் கூட ஒருத்தர் இருந்தாரு. அப்புறம் நான்தான். ரிப்போர்ட்லயும் நான்தான் கையெழுத்து."

"இதை எங்க எழுதியிருக்கீங்க?"

மூன்றாம் பக்கத்தின் அடியிலிருந்த அரை வரியைக் காட்டினார்கள். பொன்னி அதன் மேல் விரலை வைத்தாள். பிறகு, "இதான் முதல் வரி" என்றாள்.

சாமிக்கண்ணு தன் மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரு நாளைக்கு முப்பது சாம்பிள். அவருக்கு அது தெரியாது. கேட்டதில்லை.

ஒரு மணி நேரத்தில் நாலு பக்கம் ஒரு பக்கமானது. வேலை, படிப்பு, கையாளத் தெரிந்த கருவிகள். பெரியப்பா போனார், தாத்தா போனார், உயரம் போனது. அவர் எழுதிய 'தங்களது மேலான பரிசீலனைக்கு' போனபோது அவருக்கே உடம்பில் ஏதோ குறைந்தது போலிருந்தது. பொன்னி, "இரண்டாயிரத்தாறு ஜூனுக்கு அப்புறம்?" என்று கேட்டாள்.

வினோதினி அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். "ஜூன் இரண்டாயிரத்தாறு முதல் சிதம்பரத்தில் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் வகுப்பு. முப்பத்தோரு பேர். எல்லாரும் பாஸ்."

வரி ஏறியது. பக்கம் சரியாக நிறைந்தது. இனி ஒரு வரி சேர்த்தாலும் அடுத்த பக்கத்துக்கு வழியும்.

வீட்டுக்கு வரும்போது சாமிக்கண்ணு சொன்னார்: "சுருக்கமா எழுதறவனை நான் நம்ப மாட்டேன். அந்த மணவாளன் பய பயோடேட்டா எப்படி இருந்துது ஞாபகமிருக்கா? ஒரே பக்கம். கம்ப்யூட்டர் பிரிண்ட். 'சொந்தத் தொழில், நல்ல பழக்கவழக்கம்.' அவ்ளோதான். அடக்கமான குடும்பம் போல, தம்பட்டம் இல்லன்னு நெனச்சேன். சொல்லாத வுட்டதுலதான் மொத்தமும் இருந்துது."

வினோதினி நடந்துகொண்டே, "இதுல எதை சொல்லாம விட்டிருக்கேம்ப்பா?" என்றாள்.

அவருக்கு எரிச்சல் வந்தது. அவள் கேட்டது நியாயமாக இருந்ததால் வந்த எரிச்சல்.

*

சனிக்கிழமை சாயங்காலம் பிரதிகளை வாங்கிவரக் கிளம்பியவரை ரத்தினம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நல்ல மனுஷிதான். ஆனால் அவள் காதுக்கு வந்தது இருட்டுவதற்குள் கீழவீதி வரை போய்விடும்.

"அண்ணே, வினோதினி சிப்காட் கம்பெனிக்குப் போவுதாமே? விசா இன்னும் வரலியா?"

"சும்மா இருக்க வேண்டாமேன்னு..."

"எங்க மருமவன் அங்கதான் ஸ்டோர்ஸ்ல இருக்காரு. ஒரு வார்த்தை சொல்லி வைக்கறேன். பாப்பா பேப்பர் வந்தா நல்லா பாக்கச் சொல்றேன், கவலைப்படாதீங்க."

சாமிக்கண்ணு கணக்குப் போட்டுப் பார்த்தார். மருமகன் பார்ப்பார். பார்த்ததை மாமியாரிடம் சொல்வார். அந்தத் தாளில் மஸ்கட் இல்லை, கணவன் இல்லை. இரண்டு வருஷமாகச் சிதம்பரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறாள் என்று மட்டும் இருக்கிறது. அப்படியானால் மாப்பிள்ளை எங்கே என்று மறுநாள் தெரு கேட்கும்.

பொன்னியின் கடைக்குப் போகிற வழியிலேயே வரியை மனசுக்குள் எழுதிவிட்டார்.

"கடைசியில ஒரு வரி மாத்தணும்" என்றார். "'ஜூன் இரண்டாயிரத்தாறு முதல்: கணவர் மஸ்கட்டில் பணி, குடும்ப விசாவை எதிர்பார்த்துப் பெற்றோருடன்.'"

"எடம் இல்லீங்க ஐயா. ஏதாவது எடுத்தாதான்."

"அந்த டியூஷன் வரியை எடு."

பொன்னியின் விரல் கீபோர்டின் மேலேயே நின்றது. "பாப்பாவைக் கேட்டீங்களா?"

"நான் அவ அப்பன்."

"அது தெரியும் ஐயா. பாப்பாவைக் கேட்டீங்களான்னுதான் கேட்டேன்."

அவர் பணத்தை எடுத்து மேசையில் வைத்தார். பொன்னி அடித்துக் கொடுத்தாள். மூன்று பிரதிகளையும் பழுப்பு உறையில் போட்டு, உறையின் வாயை மடித்து, காலையில் தானே எடுத்து வருவதாக வீட்டில் சொல்லிவிட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை ஆலப்பாக்கம் தாண்டி சிப்காட் ஸ்டாப்பில் இறங்கியபோது மணி எட்டரைகூட ஆகவில்லை. கம்பெனி வாசலில் அதற்குள் இருபத்தைந்து பேருக்கு மேல். பெரும்பாலும் பையன்கள், புதுச் சட்டை மடிப்புக் கலையாமல். தகரக் கொட்டகையின் கீழ் நாற்காலி போட்டிருந்தார்கள். செக்யூரிட்டி ஆளுக்கொரு டோக்கனும் ஒரு படிவமும் கொடுத்தார். வினோதினிக்கு இருபத்தேழு.

அவள் மடியில் ஃபைலை வைத்துப் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தாள். அதே ஃபைல்தான். விழுப்புரத்திலிருந்து வந்தது. ஓரமெல்லாம் பிய்ந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. சாமிக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்து அவள் எழுதுவதைப் பார்த்தார். முப்பத்துமூன்று வருஷப் பழக்கம். எதிரில் ஒரு படிவம் நிரம்பினால் அவர் கண் அங்கே போய்விடும்.

ஏழாவது கேள்வி: மூன்று ஆண்டுகள் பணியில் தொடரச் சம்மதமா? 'சம்மதம்' என்று எழுதினாள்.

எட்டாவது: வெளிநாடு செல்ல விண்ணப்பித்துள்ளீரா? ஆம் எனில் விசா விவரம்.

வினோதினி பேனாவை எடுக்காமல் எழுதினாள். 'இல்லை. பாஸ்போர்ட் கிடையாது.'

சாமிக்கண்ணுவின் கை உறையின் மேல் இருந்தது. படிவம் ஒன்று சொல்கிறது. உறைக்குள் இருக்கிற தாள் வேறொன்று சொல்கிறது. இரண்டும் ஒரே டேக் கயிற்றில் கோக்கப்பட்டு ஒருவர் மேசைக்குப் போகப் போகின்றன. இப்படி முரண்பட்ட காகிதம் தன் மேசைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பச்சை மையில் ஒரே கேள்விக்குறி போட்டுத் திருப்பியடித்திருப்பார். அதிலும் இது விசாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேலை கொடுக்கிற கம்பெனி இல்லை. அது எட்டாவது கேள்வியிலேயே தெரிகிறது. வேலை இல்லையென்றால் ஆவணி. ஆவணி என்றால் விழுப்புரம்.

மகளை அனுப்பி வைக்கிற உத்தரவைத் தானே தட்டச்சு செய்து, மூன்று பிரதி எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது.

"தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்" என்று எழுந்தார்.

கொட்டகைக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ஒரு சிமெண்ட் திட்டு இருந்தது. அங்கே உட்கார்ந்து உறையைப் பிரித்தார். கிழித்துப் போட்டுவிடலாம் என்றால் வேறு பிரதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வெளியில் எந்தக் கடையும் இல்லை. ஒன்றுதான் செய்ய முடியும். அதைச் செய்ய அவருக்குத் தெரியும். சர்வீஸ் ரிஜிஸ்டரில் தவறான பதிவைச் சுரண்டக் கூடாது, மை பூசக் கூடாது. குறுக்கே ஒரே கோடு. அடித்தது என்னவென்று எவரும் படிக்க முடிய வேண்டும். மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போட்டு, தேதி போட வேண்டும். ஆயிரம் தடவை மற்றவர்களுக்குச் செய்திருக்கிறார்.

கோடு போட்டார். மஸ்கட் கோட்டுக்கு அடியில் போனது. ஆனால் அங்கேயே இருந்தது.

மேலே எழுத வேண்டும். இரண்டு வரிக்கு நடுவில் விரல் நகத்தளவு இடம். அதில் ஒரு வரிதான் பிடிக்கும். நாலு பக்கம் எழுதியபோது தயங்காத கை இப்போது பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டே இருந்தது. மனசுக்குள் வார்த்தைகள் வந்து வந்து போயின. 'சில குடும்பச் சூழல் காரணமாக'. சூழல் என்ன சூழல்? 'தவிர்க்க இயலாத'. தவிர்த்திருக்கலாம், பையனைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்திருந்தால். ஒவ்வொரு சொல்லும் ஒரு திரை. அவர் இத்தனை நாள் கௌரவம் என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தது திரைச்சீலை என்று அந்தச் சிமெண்ட் திட்டில்தான் அவருக்கு உறைத்தது. அந்தப் பயலின் ஒரு பக்கத்தில் இருந்த பொய், தன் நாலு பக்கத்திலும் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது.

எழுதினார். 'ஜூன் 2006 முதல் பெற்றோர் வீட்டில், கணவரைப் பிரிந்து. பிளஸ் டூ வேதியியல் வகுப்பு, 31 மாணவர்கள்.'

முதல் பிரதிக்கே ஒரு மணி நேரம் ஆனது. 'பிரிந்து' என்ற இடத்தில் எழுத்து கோணிவிட்டது. இரண்டாவது பிரதியில் கோணவில்லை. மூன்றாவதை எழுதும்போது அது மழை பெய்தது, பஸ் வந்தது என்பது போல நடந்த ஒன்றைச் சொல்கிற வரியாக மட்டும் இருந்தது. மூன்றிலும் சுருக்கொப்பம் போட்டு, தேதி எழுதி, ஊதிக் காயவைத்து எடுத்து வந்தார்.

"இருபத்தஞ்சு போயிட்டாங்கப்பா. எங்க போனீங்க?" உறையை வாங்கி வினோதினி பிரதிகளை எடுத்தாள். பார்த்தாள். அடித்ததைப் படித்தாள். மேலே எழுதியதைப் படித்தாள்.

"யார் இதை டைப் அடிக்கச் சொன்னது?"

"நான்தான். நேத்து."

"இது?"

"அதுவும் நான்தான். இப்ப."

அவள் நிமிரவில்லை. கோபம் எங்கே போய் முட்டுவது என்று தெரியாமல் நிற்பது அவள் தோளில் தெரிந்தது. பிறகு மெல்ல, "இது என் ரெஸ்யூம்ப்பா" என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் உங்க இனிஷியலைப் போட்டு வச்சிருக்கீங்க?"

சாமிக்கண்ணு தாளைப் பார்த்தார். ஓரத்தில் கம்பீரமாக அவரது சுருக்கொப்பம், தேதியுடன். விண்ணப்பதாரர் அவரல்ல. திருத்தத்துக்குச் சாட்சி சொல்ல அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. முப்பத்துமூன்று வருஷத்தில் ஒருதரம்கூட அதிகாரமில்லாமல் அடுத்தவர் பதிவில் இப்படிக் கை வைத்ததில்லை. மகளுடையது என்றதும் கை தானாகப் போயிருக்கிறது.

"தப்புதான்" என்றார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததை இருவருமே கவனித்தார்கள்.

வினோதினி அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மூன்று பிரதியிலும் அவர் ஒப்பத்துக்குப் பக்கத்தில் தன் ஒப்பத்தைப் போட்டாள். "இருபத்தேழு" என்று கூப்பிட்டார்கள். ஃபைலோடு எழுந்து போனாள்.

*

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவளே சொன்னாள்.

"ஒரு மேடம். லேப் ஹெட்டாம். எடுத்ததும் அந்த வரியத்தான் பாத்தாங்க. ஏன் புதுசா பிரிண்ட் எடுக்கலன்னாங்க. நேரமில்ல மேடம்னேன். வெள்ளை மை பூசியிருக்கலாமேன்னாங்க. அடிச்சது தெரியணும் மேடம், விழுப்புரம் லேப்ல அப்படித்தான் பழக்கம்னேன்."

"அதுக்கு?"

"சிரிச்சாங்க. எங்க லேப் நோட்டுலயும் ஒத்தக் கோடு, இனிஷியல், தேதி, இதான் ரூலு, சேந்து ஆறு மாசமானாலும் பசங்களுக்கு வர மாட்டேங்குதுன்னாங்க. அப்புறம், ஏன் ரெண்டு இனிஷியல்னு கேட்டாங்க."

சாமிக்கண்ணு தொண்டையைச் செருமினார். "இன்னா சொன்ன?"

"ஒண்ணு எங்கப்பாவுது, ரிட்டயர்டு சூப்பரின்டெண்டுன்னேன். வேல குடுத்தா ரிப்போர்ட்லயும் அவுரே கையெழுத்துப் போடுவாரான்னாங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது.

"மாப்பிள்ளையப் பத்தி...?"

"ஒரு வார்த்தை கேக்கல. முப்பது சாம்பிளைப் பத்தித்தான் அரை மணி நேரம். பத்து நாள்ல லெட்டர் போடறோம்னாங்க. அம்பது பேருப்பா. எடம் ரெண்டு."

புதுச்சத்திரம் போனது. வெயிலில் வயல் வெறிச்சோடிக் கிடந்தது. வினோதினி கொஞ்ச நேரம் கழித்து, வெளியே பார்த்தபடியே கேட்டாள்: "கெடைக்கலன்னா?"

"கெடைக்கலன்னா அடுத்த ஞாயித்துக்கெழம வேற கம்பெனி."

"ஆவணி?"

"ஆவணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் சாமிக்கண்ணு. "அவுங்க வரட்டும். காபி குடுப்போம். நீ போவ மாட்டேன்னுட்டன்னு சொல்றேன். வேற காரணம் எதுக்கு."

வினோதினி ஃபைலின் ரப்பர் பேண்டை இழுத்து விட்டாள். அது பட்டென்று அடித்தது.

*

திங்கட்கிழமை பத்து மணிக்கு இருவரும் பொன்னியின் கடையில் நின்றார்கள். திருத்தமில்லாத பிரதி இருபது வேண்டும். சாமிக்கண்ணு கடைசி வரியைத் தானே சொன்னார், குரலைத் தாழ்த்தாமல்.

பொன்னி அடித்துவிட்டு ஸ்கிரீனைப் பார்த்தாள். "ஐயா, 'கணவரைப் பிரிந்து' இங்க எதுக்கு? வேலைக்கும் அதுக்கும் இன்னா? எடுத்துட்டா வரி இன்னும் சின்னதாவும்."

எத்தனை பாடுபட்டு எழுதிய சொல். அவருக்கு உடனே மறுக்கத் தோன்றியது. மகளைப் பார்த்தார்.

"எடுத்துடுங்கக்கா" என்றாள் வினோதினி. "அது கம்பெனிக்குச் சொல்ல வேண்டியது இல்ல."

அவள் அதற்கு மேல் சொல்லவில்லை. யாருக்குச் சொல்ல வேண்டியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. கேஸ் சிலிண்டர் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க ரத்தினம்மாள் படியேறி வந்தாள். இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அண்ணே! மருமவன்கிட்ட சொல்லிட்டேன். ஆமா, வேல கெடைச்சு சேந்தப்புறம் விசா வந்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

வினோதினி வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொன்னி தாள்களை அடுக்குவதை நிறுத்திவிட்டாள். சாமிக்கண்ணு சட்டைப் பையிலிருந்த பேனாவை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, அலுவலகத்தில் மேலதிகாரி முன்னால் நிற்பது போல நிமிர்ந்து நின்றார்.

"விசா வராது ரத்தினம்மா. நாங்க கேக்கவே இல்ல. அவன் விழுப்புரத்துலதான் இருக்கான். எம்பொண்ணு அவனை வேணாம்னுட்டு வந்து ரெண்டு வருசமாவுது."

ரத்தினம்மாள் கையிலிருந்த புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஐயோ, சொல்லவே இல்லியேண்ணே" என்றாள்.

"சொல்லல" என்றார் சாமிக்கண்ணு. "இப்ப சொல்லிட்டேன்."

பொன்னி இருபது பிரதிகளையும் தட்டி அடுக்கி நீட்டினாள். அவர் கை பழக்கத்தில் முன்னால் போனது. பாதியில் நிறுத்தி, ஒதுங்கி மகளுக்கு வழிவிட்டார்.